கம்யூனிட்டி காலேஜில் அக்ரிலிக் ஓவிய வகுப்பு: பதிவு செய்வதிலிருந்து கடைசி கேன்வாஸ் வரை

முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்ததும், வாங்கி வந்த பத்து ட்யூபையும் திறந்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சுண்டைக்காய் அளவு பெயிண்டைத் தட்டில் பிதுக்கி வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆசிரியர் பேச ஆரம்பித்தார், இருபது நிமிடம் பேசினார். பேசி முடித்து "சரி, பிரஷை எடுங்கள்" என்றபோது என் மஞ்சளின் மேல் பாலாடை மாதிரி தோல் கட்டியிருந்தது. சிவப்பும் அப்படியே. பாதி பெயிண்டைச் சுரண்டிக் குப்பையில் போட்டேன்.

அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும். யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நமக்குத்தான் ஒருமுறை பட்டால் தவிர உறைப்பதில்லை. எதை வாங்குவது, தட்டை எப்படி வைத்துக்கொள்வது, தப்பை எப்படித் திருத்துவது, பிரஷை எப்போது கழுவுவது என்று கீழே சொல்லப்போவதில் பாதி அந்த ஒரு குணத்திலிருந்து வருவதுதான். மீதிப் பாதி காலேஜ் சமாச்சாரம், அதாவது உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து படிக்கும் கம்யூனிட்டி காலேஜ் என்ற பொதுக் கல்லூரி. அமெரிக்காவில் இருந்துகொண்டு, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே வாரத்தில் ஒரு மாலையோ ஒரு காலையோ ஒதுக்கி ஓவியம் கற்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தோடு பென்சிலைக் கீழே வைத்தவர்களும் தாராளமாகச் சேரலாம். என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான்.

முதலில் எந்தக் கதவு என்று முடிவு செய்யுங்கள்

ஒரே காலேஜில் ஓவியம் கற்க இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, பட்டத்துக்குக் கணக்காகும் கிரெடிட் வகுப்பு. முழு செமஸ்டர் நடக்கும், வீட்டுப்பாடம் உண்டு, மதிப்பெண் உண்டு. பாடப் பட்டியலில் "பெயின்டிங் 1", "பிகினிங் பெயின்டிங்", "அக்ரிலிக் பெயின்டிங்" என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். இன்னொன்று, கம்யூனிட்டி எஜுகேஷன் அல்லது கன்டினியூயிங் எஜுகேஷன் என்ற பெயரில் நடக்கும் கிரெடிட் இல்லாத வகுப்பு. சில வாரங்களில் முடிந்துவிடும், தேர்வோ மதிப்பெண்ணோ கிடையாது.

என்னைக் கேட்டால், நேரம் இருக்கிறவர்கள் கிரெடிட் வகுப்பில் சேருவதே நல்லது. காரணம் பட்டம் அல்ல. ஸ்டுடியோ வகுப்பு என்பதால் மூன்று கிரெடிட்டுக்குப் பெரும்பாலும் வாரம் ஆறு மணி நேரம் வகுப்பிலேயே நிற்க வேண்டியிருக்கும். பிடிக்காத பயிற்சியையும் செய்துதான் ஆக வேண்டும். குறுகிய வகுப்பில் சாயங்காலச் சூரியனையும் ஒரு மரத்தையும் வரைந்து கையில் கொண்டுவந்துவிடலாம். ஆனால் சாம்பல் நிறத்தில் ஒன்பது படி போடும் பயிற்சியை அங்கே யாரும் உட்கார்ந்து செய்யச் சொல்ல மாட்டார்கள். அந்தச் சலிப்பான பயிற்சிதான் எனக்குப் பின்னால் கைகொடுத்தது.

மதிப்பெண் பயம் இருந்தால் இரண்டு வழி உண்டு. "பாஸ் / நோ பாஸ்" என்று மாற்றிக்கொள்ளலாம், அல்லது ஆடிட் செய்யலாம். ஆடிட் என்றால் வகுப்பில் உட்காரலாம், கிரெடிட்டும் மதிப்பெண்ணும் கிடையாது. எல்லாக் காலேஜும் ஸ்டுடியோ வகுப்புக்கு ஆடிட் தருவதில்லை. தந்தாலும், மற்றவர்கள் சேர்ந்த பிறகு மீதி இடம் இருந்தால்தான் என்பார்கள். இந்த இரண்டுக்கும் கடைசித் தேதி உண்டு, அதை முதலிலேயே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

பாடப் பட்டியலில் "ப்ரீரெக்விசிட்" என்ற வரியையும் பாருங்கள். சில இடங்களில் டிராயிங் 1 முடித்திருக்க வேண்டும் என்று இருக்கும். பல இடங்களில் அது பரிந்துரை மட்டும்தான். கட்டாயம் என்று இருந்தாலும், ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நீங்கள் வரைந்த நாலைந்து பென்சில் படங்களை இணைத்துக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் நஷ்டம் இல்லை.

பணமும் விசாவும்

கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் அந்த மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு (கிரெடிட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) 46 டாலர். மூன்று யூனிட் வகுப்புக்கு 138 டாலர், அதோடு சில்லறைக் கட்டணங்கள். அங்கே மாநிலவாசி என்று கணக்கில் வர ஓர் ஆண்டும் ஒரு நாளும் குடியிருந்திருக்க வேண்டும். அதற்கு முன் சேர்ந்தால் கட்டணம் பல மடங்கு. புதிதாகக் குடிவந்தவர்கள் தங்கள் மாநிலத்தில் என்ன கணக்கு என்று அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு சேர்வது உசிதம். மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை தரும் மாநிலங்களும் உண்டு. அறுபதைத் தாண்டியவர்கள் அதைக் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் கணவன், மனைவி, பிள்ளைகளுக்குத் தருவது) இருப்பவர்கள் படிக்கலாம். பகுதி நேரமும் சரி, முழு நேரமும் சரி, தடை இல்லை. ஆனால் அப்பா அம்மா சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார்கள், வீட்டில் பொழுது போகவில்லை என்று அவர்களைக் கிரெடிட் வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள். பி-2 விசாவில் பட்டத்துக்குக் கணக்காகும் படிப்பில் சேர அனுமதி இல்லை. பொழுதுபோக்காக நடக்கும் கிரெடிட் இல்லாத சின்ன வகுப்பு வேறு விஷயம்.

வகுப்பு தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரங்கள் "ஆட் / டிராப்" காலம். அதற்குள் விலகினால் பணம் திரும்ப வரும், பதிவேட்டிலும் எதுவும் நிற்காது. அதைத் தாண்டினால் பாதியில் விலகியதற்கு அடையாளமாக 'டபிள்யூ' என்று ஒரு குறி விழும், பணமும் போனதுதான். வகுப்பு நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு முதல் நாள் நேரில் போய் நில்லுங்கள். முதல் நாள் வராதவர்களை ஆசிரியர் நீக்கிவிட்டு, வாசலில் நிற்பவர்களைச் சேர்த்துக்கொள்வது சகஜம். எனக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

வாங்குவதற்கு முன் சிலபஸ் கையில் வரட்டும்

ஆர்வத்தில் எல்லோரும் செய்யும் தவறு, வகுப்பு தொடங்கும் முன்பே "48 வண்ணங்கள் அடங்கிய பெட்டி" ஒன்றை வாங்கிவிடுவது. வேண்டாம். ஆசிரியர் தரும் பட்டியலில் ஒன்பது பத்து வண்ணம்தான் இருக்கும், மீதியெல்லாம் நீங்கள் கலந்து எடுக்க வேண்டியவை. 48 வண்ணம் கையில் இருந்தால் கலக்கவே கற்க மாட்டீர்கள். முதல் நாளைக்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

பொதுவாகப் பட்டியலில் வருபவை இவை:

- டைட்டானியம் வெள்ளை. மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிய ட்யூப் வாங்குங்கள், முதலில் தீர்வது இதுதான்.
- இரண்டு மஞ்சள்: எலுமிச்சை மஞ்சள் பக்கம் ஒன்று, மாம்பழ மஞ்சள் பக்கம் ஒன்று.
- இரண்டு சிவப்பு: செம்பருத்தி மாதிரி ஒன்று, மெஜந்தா பக்கம் ஒன்று.
- இரண்டு நீலம்: அல்ட்ராமரைன், தாலோ.
- மண் நிறங்கள்: பர்ன்ட் அம்பர், யெல்லோ ஓக்கர், முடிந்தால் பர்ன்ட் சியன்னா.

கறுப்பு வேண்டாம் என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சேர்த்தால் கடைக் கறுப்பைவிட உயிருள்ள கறுப்பு வரும். கொஞ்சம் நீலம் கூட்டினால் குளிர்ந்த கறுப்பு, அம்பர் கூட்டினால் சூடான கறுப்பு.

ட்யூபின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பெயரில் ஏமாறலாம், நிறமிக் குறியீட்டில் ஏமாற முடியாது. அல்ட்ராமரைன் என்றால் 'பிபி 29', தாலோ நீலம் 'பிபி 15', டைட்டானியம் வெள்ளை 'பிடபிள்யூ 6'. எந்தக் கம்பெனி எந்தப் பெயரில் விற்றாலும் இந்தக் குறியீடு மாறாது. ஒரே ஒரு நிறமி உள்ள ட்யூபாகப் பார்த்து வாங்கினால் கலக்கும்போது சேறாகாது. "காட்மியம் ரெட் ஹ்யூ" என்று போட்டிருந்தால் அதில் காட்மியம் இல்லை, அந்த நிறத்தைப் போலச் செய்தது என்று பொருள். கற்பவர்களுக்கு அதுவே போதும், விலையும் குறைவு. வெளிச்சத்தில் மங்காமல் நிற்குமா என்பதற்கு 1 அல்லது 2 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புக்கு, நச்சில்லாதது என்று காட்டும் 'ஏபி' முத்திரை. அசல் காட்மியம் வாங்கினால் காய்ந்த பிறகு அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்த நச்சு உலோகத் தூசி மூச்சில் போகும்.

தரத்தில் இரண்டு வகை. மாணவர் தரத்தில் நிறமி குறைவு, நிரப்பி அதிகம். லிக்விடெக்ஸ் பேசிக்ஸ், ஆம்ஸ்டர்டாம் ஸ்டாண்டர்ட் போன்றவை அந்த ரகம். கோல்டன் ஹெவி பாடி போன்றவை கலைஞர் தரம். எல்லாவற்றையும் விலை உயர்ந்ததாக வாங்க வேண்டியதில்லை. வெள்ளையும் மண் நிறங்களும் மாணவர் தரத்திலேயே நன்றாக இருக்கும். மெஜந்தா, தாலோ, நல்ல மஞ்சள் ஆகியவற்றை மட்டும் கலைஞர் தரத்தில் சின்ன ட்யூபாக வாங்கினேன். தாலோ நீலம் கடுகளவு போதும், மஞ்சள் குவியல் முழுவதையும் பச்சையாக்கிவிடும். அந்தச் சின்ன ட்யூப் இன்னும் தீரவில்லை.

பிரஷில் சிக்கனம் வேண்டாம், எண்ணிக்கையில் மட்டும் சிக்கனம் போதும். செயற்கை இழைப் பிரஷ் நான்கு: ஒரு அங்குலத் தட்டை ஒன்று, நடுத்தரத் தட்டை ஒன்று, முனை வளைந்த ஃபில்பர்ட் ஒன்று, சின்ன உருண்டை ஒன்று. புதிதாக வருபவர்கள் எல்லோரும் சின்னப் பிரஷையே பிடித்துக்கொண்டு எறும்பு ஊர்வது மாதிரி வரைவோம். ஆசிரியர் என் கையிலிருந்து அதைப் பிடுங்கி ஒரு மாதம் தன் மேஜையில் வைத்துக்கொண்டார்.

கேன்வாஸ் விலை கூடுதல். பயிற்சிக்குக் கேன்வாஸ் அட்டையோ, ஜெஸ்ஸோ பூசிய கனமான காகிதமோ போதும். ஜெஸ்ஸோ என்பது பெயிண்ட் பிடிக்க வாகாக அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு. கடைக் கேன்வாஸில் ஏற்கெனவே பூசியிருப்பார்கள். இன்னொரு பூச்சு நாமே பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் பிரஷ் வழுக்கிக்கொண்டு போகும்.

தட்டு: இங்கேதான் பாதிப் பணம் மிச்சமாகும்

அக்ரிலிக் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துளிகளும் நிறமியும். தண்ணீர் போனதும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும், அப்புறம் தண்ணீர் விட்டாலும் கரையாது. வாட்டர்கலர் மாதிரி காய்ந்ததைத் திரும்ப நனைத்து எழுப்ப முடியாது. அதனால் தண்ணீரைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் ஒரே வழி.

ஈரத் தட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மூடி உள்ள தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அதன் அடியில் நனைத்துப் பிழிந்த மெல்லிய ஸ்பாஞ்சோ, மடித்த காகிதத் துண்டோ. அதன் மேல் கேக் சுடும்போது போடும் பார்ச்மென்ட் தாள், அதையும் நனைத்து. மெழுகுத் தாள் ஆகாது, ஈரம் மேலே வராது. இந்தத் தாளின் மேல் பெயிண்டை வைத்தால் ஈரம் அடியிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறு வகுப்புக்கும் சில வண்ணங்கள் உயிரோடு இருக்கும். ஸ்பாஞ்சில் தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தால் பெயிண்ட் தண்ணீராய் ஓடும், அதைப் பிழிந்துவிட்டே போடுங்கள். நாள் கடந்தால் பூஞ்சை வாடை வரும், வந்தால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இரண்டு தண்ணீர்ப் பாத்திரம் வையுங்கள். ஒன்று பிரஷை அலச, இன்னொன்று பெயிண்டில் கலக்கச் சுத்தமான தண்ணீர். காபி டம்ளரை அருகில் வைக்காதீர்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

முதல் நாலு வாரம்: வண்ணமே இல்லை

ஓவிய வகுப்பு என்று போனால் முதல் மாதம் கறுப்பும் வெள்ளையும்தான். ஒன்பது கட்டம் வரைந்து ஒரு கோடியில் வெள்ளை, மறு கோடியில் கறுப்பு, நடுவே ஏழு சாம்பல். படிக்கட்டு மாதிரி சீராக இறங்க வேண்டும். கேட்கச் சுலபம். நான் மூன்று முறை போட்டேன்.

இங்கே அக்ரிலிக் ஒரு சூது செய்யும். ஈரமாக இருக்கும்போது அந்தப் பிளாஸ்டிக் பால் வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். அதனால் எல்லா வண்ணமும் காய்ந்ததும் ஒரு படி இருண்டு போகும். ஈரத்தில் சரியாகப் பொருந்திய ஐந்தாவது கட்டம், காய்ந்ததும் ஆறாவதின் மச்சான் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். வழி இதுதான்: கலந்த பெயிண்டை ஒரு துண்டுக் காகிதத்தில் தடவி, ஹேர் டிரையரால் காயவைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கேன்வாஸில் வையுங்கள். சில வாரத்தில் கைக்கே கணக்குத் தெரிந்துவிடும், கொஞ்சம் வெளுப்பாகவே கலக்க ஆரம்பிப்பீர்கள்.

ஒளி-இருள் அளவைப் பார்க்க ஆசிரியர் சொல்லித்தந்தது: கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து நாலைந்து பெரிய திட்டுகளாகத் தெரியும், அந்தத் திட்டுகளை வரையுங்கள். சந்தேகம் வந்தால் பொருளையும் ஓவியத்தையும் போனில் கறுப்பு-வெள்ளையாகப் படம் எடுத்து ஒப்பிடுங்கள். இதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். பளீர் நிறங்களைக் கண் பெரும்பாலும் இருப்பதைவிட வெளிச்சமாகவே நினைத்துக்கொள்ளும். போனிடம் அந்தப் பாச்சா பலிக்காது.

கலப்பது

சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று பள்ளியில் படித்தோம். காட்மியம் சிவப்பையும் அல்ட்ராமரைனையும் கலந்து பாருங்கள், பழைய ரத்தக் கறை மாதிரி ஒரு பழுப்பு வரும். அந்தச் சிவப்பில் ஏற்கெனவே மஞ்சள் சாயல் இருக்கிறது, மூன்று முதல் நிறமும் சேர்ந்தால் மங்கல்தான். மெஜந்தாவையும் அல்ட்ராமரைனையும் சேர்த்தால் கத்தரிப்பூ ஊதா வரும். பச்சையும் அப்படியே. தாலோவும் எலுமிச்சை மஞ்சளும் சேர்ந்தால் வாழைக்குருத்து, அல்ட்ராமரைனும் மாம்பழ மஞ்சளும் சேர்ந்தால் காய்ந்த இலை. ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். காய்ந்த இலைப் பச்சையைத் தப்பு என்று நினைக்காதீர்கள், உலகத்தில் பெரும்பாலான இலைகள் அந்த நிறம்தான்.

ஒரு முழு வகுப்பைச் செலவழித்து, இருக்கும் வண்ணங்களை இரண்டிரண்டாகக் கலந்து ஒரு அட்டவணை போட்டு வையுங்கள். நல்ல அட்டவணை செமஸ்டர் முழுக்கக் கூட வரும்.

தோல் நிறம் பற்றி ஒன்று. இணையத்தில் இருக்கும் பெரும்பாலான செய்முறைகள் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலப்பதிலிருந்து தொடங்குகின்றன. நம் நிறத்துக்கு அது உதவாது. பர்ன்ட் சியன்னாவும் ஓக்கரும் அடிப்படை, நிழலுக்கு அல்ட்ராமரைன், வெள்ளை கடைசியாக, பயந்து பயந்து. ஜன்னல் வெளிச்சம் நெற்றியில் பளபளக்கும் இடத்தில் இளநீலம் தெரியும். தைரியமாகப் போடுங்கள்.

ஒரு செம்பை வரைந்த கதை

ஏழாவது வாரம் "வீட்டிலிருந்து உங்களுக்குப் பிடித்த ஒரு பொருளைக் கொண்டுவாருங்கள்" என்றார்கள். நான் ஊரிலிருந்து பெட்டியில் வந்த பித்தளைச் செம்பைக் கொண்டுபோனேன். பளபளக்கும் பொருளை முதல் ஓவியத்துக்கு எடுப்பது அசட்டுத்தனம் என்று அப்போது தெரியாது. ஆனால் செய்த வரிசை எந்தப் பொருளுக்கும் பொருந்தும், அதனால் சொல்கிறேன்.

முதலில் கேன்வாஸின் வெள்ளையைக் கொன்றேன். பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீராகக் கரைத்து முழுவதும் பூசித் துணியால் துடைத்துவிட்டால் வெளிறிய செம்மண் நிறம் நிற்கும். வெள்ளைப் பரப்பில் எந்த வண்ணமும் இருட்டாகத் தெரியும், நடு நிறத்தில் போட்டால்தான் சரியாகக் கணக்கிட முடியும். பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது. இந்த இடத்தில் அக்ரிலிக் நம் நண்பன். எண்ணெய் வண்ணம் என்றால் அதிகமாகக் காத்திருக்க வேண்டும்.

அடுத்து அதே சியன்னாவில் மெல்லிய பிரஷால் உருவம். செம்பின் வாய் நீள்வட்டம், அடியும் நீள்வட்டம். அடி நமக்குக் கீழே அதிகம் தள்ளி இருப்பதால் வாயைவிடக் கொஞ்சம் அகலத் திறந்திருக்கும். புதியவர்கள் எல்லோரும் அடியை நேர்க்கோடாகப் போட்டுவிட்டு, செம்பு ஏன் மேஜையில் உட்காராமல் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்று குழம்புவோம். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, உயரத்துக்கு அகலம் எத்தனை பங்கு என்று அளந்தேன். என் கண்ணுக்குக் குடம் மாதிரி தெரிந்த வயிறு உண்மையில் உயரத்தைவிடச் சிறியதாக இருந்தது.

மூன்றாவதாகப் பெரிய திட்டுகள். பின்புறத் துணி, மேஜை, செம்பின் வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம், கீழே விழுந்த நிழல். பெரிய தட்டைப் பிரஷால் கேன்வாஸ் முழுக்க ஒரு சுற்று. ஒரு மூலையை மட்டும் முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போகாதீர்கள். முழுப் படமும் ஒரே நேரத்தில் வளர வேண்டும்.

அப்புறம்தான் வேடிக்கை. பித்தளை மஞ்சள் என்று நினைத்து ஓக்கரைப் பூசிக்கொண்டிருந்தேன், செம்பு மண்பானை மாதிரி இருந்தது. ஆசிரியர் வந்து நின்று "எதைப் பார்க்கிறாய்?" என்று கேட்டார். "செம்பை" என்றேன். "செம்பை மறந்துவிடு. அந்த இடத்தில் என்ன நிறம் இருக்கிறது?" உற்றுப் பார்த்தால் கழுத்துக்குக் கீழே ஒரு பட்டை பச்சை கலந்த கறுப்பு. வயிற்றில் என் நீலச் சட்டை வளைந்து தெரிந்தது. ஓரத்தில் துணியின் சிவப்பு. மஞ்சள் என்று சொல்லக்கூடிய இடம் மொத்தமே உள்ளங்கை அளவுதான். இருட்டும் வெளிச்சமும் சட்டென்று பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் உலோகம் உலோகமாகத் தெரியும். நடுவே வழவழவென்று குழைத்தால் மண்ணாகிவிடும். சரியென்று கறுப்புப் பட்டையை வைத்தேன். மனசு வரவில்லை, ஆனாலும் வைத்தேன். பத்தடி தள்ளிப் போய்ப் பார்த்தால் செம்பு உருண்டு நின்றது.

வயிற்றின் வளைவில் மட்டும் குழைப்பு தேவைப்பட்டது. அக்ரிலிக்கில் குழைக்கக் கிடைப்பது ஓரிரு நிமிடம். அந்த இடத்துக்கு வேண்டிய மூன்று நிறத்தையும் முன்கூட்டியே கலந்து வைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்து, அடுத்தடுத்த இரண்டு நிறங்களையும் ஈரத்தில் வைத்து, சுத்தமான ஈரப் பிரஷால் எல்லையைத் தடவ வேண்டும். பெயிண்ட் இழுபட ஆரம்பித்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். பாதி காய்ந்ததைத் தேய்த்தால் உரிந்து, துண்டு துண்டாக வரும். காய்ந்ததும் மேலே இன்னொரு முறை போடலாம். அல்லது கிளேஸ் மீடியம் என்ற, காய்ந்தால் தெளிந்துவிடும் திரவத்தில் துளி வண்ணம் கலந்து கண்ணாடிப் படலமாகப் பூசலாம். ரிட்டார்டர் என்று காய்வதைத் தாமதப்படுத்தும் திரவமும் விற்கிறார்கள். பாட்டிலில் சொன்ன அளவுக்கு மேல் போனால் நாள் முழுக்கப் பிசுபிசுக்கும்.

கடைசியாகப் பளிச்சிடும் புள்ளி. வெள்ளையில் துளி மஞ்சள் சேர்த்துக் கெட்டியாக எடுத்து, ஒரே தொடுதல். இரண்டாவது முறை தொடக் கை துடிக்கும், தொடக் கூடாது.

தப்பு நடந்தால்? ஈரமாக இருந்தால் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். காய்ந்துவிட்டால் மேலே வெள்ளையைப் பூசி மறைத்து மறுபடி போடலாம். முதல் நாள் என்னை அழவைத்த அதே குணம்தான் இங்கே காப்பாற்றுகிறது. அந்தச் செம்புக்கு அடியில் இரண்டு தோற்ற செம்புகள் இருக்கின்றன.

கிரிட்டீக் நாள்

ஒவ்வொரு பயிற்சியும் முடிந்ததும் எல்லாப் படங்களையும் சுவரில் மாட்டி, ஆளாளுக்குப் பேசுவார்கள். நம் ஊரில் படித்தவர்களுக்கு இதுதான் பெரிய சங்கடம். ஆசிரியரையே பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு மூன்று வாரம் வாய் வரவில்லை, அவர் எதிரில் அடுத்தவர் படத்தைக் குறை சொல்வது எப்படி? பழகிவிட்டது. "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் வரைந்தவருக்கு ஒரு பயனும் இல்லை. "என் கண் முதலில் இந்த மூலைக்குப் போகிறது, அது நீங்கள் நினைத்ததுதானா?" என்று கேளுங்கள். உங்கள் படத்துக்கு முறை வரும்போது நேரமில்லை, பிரஷ் சரியில்லை என்று முன்னுரை பாடாதீர்கள். வாயை மூடிக்கொண்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்ற பத்தொன்பது வயதுப் பையன் "உங்கள் நிழலெல்லாம் ஒரே சாம்பல்" என்றான். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது நிழல் போடும்போதெல்லாம் அவன் ஞாபகம்தான்.

மதிப்பெண் திறமைக்கு மட்டும் என்று பயப்பட வேண்டாம். வருகை, வீட்டுப்பாடம், ஸ்கெட்ச் புத்தகம், கிரிட்டீக்கில் பேசுவது எல்லாம் கணக்கில் வரும், சிலபஸில் விகிதம் போட்டிருப்பார்கள். இரண்டு வகுப்புக்கு மேல் தவறினால் பிடிப்பது கஷ்டம்.

கழுவுவது, கொண்டுபோவது

வரைந்துகொண்டிருக்கும்போது பயன்படுத்தாத பிரஷை மேஜையில் வைக்காதீர்கள், அலசி ஈரமாக வையுங்கள். அதற்காகத் தண்ணீரில் தலைகீழாக நிறுத்தி வைத்தாலும் இழை வளைந்துவிடும், படுக்க வையுங்கள். முடிந்ததும் முதலில் காகிதத்தில் துடைத்து, அப்புறம் வெந்நீர் இல்லாமல் சாதாரணத் தண்ணீரும் சோப்பும். உலோகப் பூணுக்குள் பெயிண்ட் இறங்கிக் காய்ந்தால் பிரஷ் விரிந்துவிடும். காய்ந்துபோன பிரஷை ரப்பிங் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பார்க்கலாம், சில பிழைக்கும். கெட்டிப் பெயிண்டை ஸிங்க்கில் கொட்டாதீர்கள். மிஞ்சியது காய்ந்ததும் குப்பைக்குப் போகட்டும்.

உடை விஷயத்தில் ஒரே விதி: காய்ந்தால் போகாது. பழைய சட்டையில் போங்கள். நான் ஒருநாள் அலுவலகச் சட்டையோடு, கவனமாக இருப்பேன் என்று போனேன். இடது கையில் தாலோ நீலம் இன்னும் இருக்கிறது.

குளிர்காலத்தில் பெயிண்டைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், உறைந்தால் கெட்டுப்போகும். ஓவியத்தையும் விடக் கூடாது. கடுங்குளிரில் அக்ரிலிக் படலம் மொறமொறப்பாகிவிடும், அப்போது கேன்வாஸை வளைத்தால் வெடிக்கும். சூடில்லாத கராஜில் வரைவதும் வேண்டாம். சுமார் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் துளிகள் சரியாக ஒட்டாமல் படலமே பலவீனமாகும்.

செமஸ்டர் முடிவில் எல்லாவற்றையும் படம் எடுத்துப் போர்ட்ஃபோலியோவாகத் தரச் சொல்வார்கள். வெயிலில் வேண்டாம், நிழலில், வெளியே, ஃபிளாஷ் இல்லாமல், கேமராவைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுங்கள். ஓவியங்களை வீட்டுக்குக் கொண்டுவரும்போது முகத்தோடு முகம் வைத்து அடுக்காதீர்கள். காய்ந்துவிட்டது என்று நினைக்கும் அக்ரிலிக்கும் உள்ளுக்குள் மென்மையாகத்தான் இருக்கும், சூடு பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவே பார்ச்மென்ட் தாள் ஒன்று. ஈரத் தட்டுக்கு வாங்கியதில் எப்படியும் பாதி மிஞ்சியிருக்கும்.